பரல் எண் பன்னிரண்டு

எங்கள் கல்லூரியின் முதல் அறிவியல் கண்டுபிடிப்பு, நான் தப்பான ஃபைலை ஏற்றியதால் நடந்தது. இரண்டாவது கண்டுபிடிப்பு இன்னும் நடக்கவில்லை.

2043 ஆகஸ்ட். உலோகவியல் துறையின் தரைத்தளத்தில் ஓர் அமுக்கும் இயந்திரம் உண்டு. சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு டைட்டானியக் கலப்புலோகத் துண்டை உள்ளே வைத்தால், அதைத் தொள்ளாயிரம் டிகிரிக்குச் சுட்டு, மெல்ல அமுக்கி, துண்டு எவ்வளவு முரண்டு பிடித்தது என்று வரைபடம் போட்டுக் கொடுக்கும். துண்டுகள் தூத்துக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையிலிருந்து வரும். நிலவுக்குப் போகும் கலங்களுக்கு அங்கே எரிபொருள் டாங்க் செய்கிறார்கள். டைட்டானியத் தகட்டைச் சூடாக்கி, பலூன் ஊதுவதுபோல் ஊதி அரைக்கோளமாக்குவது அவர்கள் வேலை. எந்தத் தகடு ஒழுங்காக ஊதும், எது பாதியில் பிளந்துகொள்ளும் என்று முன்கூட்டியே சொல்வது எங்கள் வேலை. எங்கள் என்றால் நஸ்ரினுடைய வேலை.

நஸ்ரின் என் வகுப்பு, இறுதியாண்டு, வாணியம்பாடிக்காரி. தகட்டுக்கு ஜோசியம் சொல்லும் நிரலை எழுதியது அவள்தான். தொழிற்சாலை அவளுக்கு வேலைக்கான கடிதமே கொடுத்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை: ஜூன் மாதம் அவள் கொண்டுவரும் சான்றிதழில் 'உலோகவியல்' என்று அச்சாகியிருக்க வேண்டும். வகுப்பில் ஐம்பத்தேழு பேர். படித்த படிப்புக்கே வேலை கிடைத்தது அவள் ஒருத்திக்குத்தான் என்பதால் அவள் புகைப்படம் நோட்டீஸ் போர்டில், காணாமல் போனவர்கள் அறிவிப்புக்குப் பக்கத்தில், ஒட்டப்பட்டிருந்தது.

என் பெயர் குணசீலன். ஆய்வில் என் பங்கு, ஃபைலை ஏற்றுவது.

அன்றைக்கும் ஏற்றினேன். நஸ்ரின் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"டேய், பொருத்தம் தொண்ணூத்தெட்டு சதவீதம் வந்திருக்கு. என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல."

"அதான் பயமா இருக்கு. நிஜ டைட்டானியத்துக்கே எனக்குத் தொண்ணூத்தி ஒண்ணுதான் வரும்."

ஃபைலைத் திறந்தாள். முதல் வரியில் 'பி பிளாக், இரண்டாம் மாடி, சப்பாத்தி' என்று இருந்தது.

அது விடுதி வார்டனின் ஃபைல். மெஸ்ஸில் முகமறியும் கேமரா வைத்த நாளிலிருந்து அவர் நான்கு விஷயங்களைத் தவறாமல் பதிந்துவந்தார். ஒரே மேசையில் சேர்ந்து சாப்பிடும் கும்பலில் எத்தனை பேர், ஒரு மணி நேரத்தில் எத்தனை புகார்கள், புதிய விதியை எவ்வளவு வேகமாகக் கொண்டுவந்தார்கள், பையன்கள் எத்தனை நாள் முரண்டு பிடித்தார்கள். எங்கள் ஃபைலிலும் நான்கு பத்திகள்: பரலின் அளவு, வெப்பம், அமுக்கும் வேகம், முரண்டு. அவர் தன் ஃபைலுக்கு 'இறுதி திருத்தியது 2' என்று பெயர் வைத்திருந்தார். நாங்களும் அதேதான் வைத்திருந்தோம். இந்தக் கல்லூரியில் எல்லோரும் அதே பெயர்தான் வைப்போம்.

பரல் என்று எழுதுகிறேனே தவிர, லேபில் அப்படி யாரும் சொல்ல மாட்டோம். கிரெயின் என்போம்.

நஸ்ரின் அழிக்கச் சொன்னாள். நானும் அழிக்கப் போனேன். அந்த நேரம் பார்த்து எங்கள் துறைத்தலைவர் பேராசிரியர் அனந்தபத்மன் தேநீர்க் கோப்பையோடு உள்ளே வந்தார். திரையை எட்டிப் பார்த்தார். கோப்பையை அமுக்கும் இயந்திரத்தின் மேலேயே வைத்தார்.

"சார், அது தப்பா ஏத்தின ஃபைல்" என்றேன்.

"தப்பு இல்லை குணசீலா" என்றார். "இது பேப்பர்."

பேப்பர் வெளியாவதற்குள் தாளாளருக்குத் தெரிந்துவிட்டது. தாளாளர் செங்கோடன், கல்லூரி தொடங்குவதற்கு முன்பு மூன்று கல்குவாரிகள் வைத்திருந்தவர். இப்போதும் வைத்திருக்கிறார். குவாரி முடிந்த இடத்தில்தான் எங்கள் விளையாட்டு மைதானம், அதனால் கிரிக்கெட் பந்து மேலே ஏறி வராது. அவர் அறைக்கு நானும் நஸ்ரினும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனோம். பேராசிரியர் விளக்கினார்.

"உலோகத்துக்குள்ள குட்டிக் குட்டியா படிகங்கள் நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்கும்ங்கய்யா. அதுதான் கிரெயின். பெரிசா இருந்தா, சூடாக்கி அமுக்கும்போது ஒண்ணுக்கொண்ணு இடிச்சுக்கிட்டு நிக்கும். ரொம்ப அமுக்கினா பிளந்துடும். சின்னதா இருந்தா, ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கி நகர்ந்துடும். மெதுவா அமுக்கினா எட்டு மடங்கு நீளத்துக்குக்கூட இழுக்கலாம், விரிசலே விழாது."

தாளாளர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"புனல்ல ஜல்லியக் கொட்டுனா அடைச்சுக்கும். எம்-சாண்டக் கொட்டுனா ஓடும். இத்தன நேரமா இதத்தானுங்க சொன்னீங்க?"

"அதேதாங்கய்யா."

"இதுக்கு எதுக்குங்க பிஎச்டி?"

பேராசிரியர் சிரித்தார். இருபத்தொரு வருட சர்வீஸில் அவர் தாளாளரிடம் 'இல்லை' என்ற சொல்லைப் பயன்படுத்தியதில்லை.

"அப்ப பசங்களுக்குச் சூடுன்னா என்னங்க? அடுப்புலயா வெக்க முடியும்?"

"கோபம்ங்கய்யா. கோபமா இருக்கறவன் பக்கத்துல இருக்கறவனோட ஒட்டமாட்டான். வெந்நீர் வரலேன்னா முதல்ல ரூம்மேட்டைத்தான் திட்டுவான். அப்ப மெதுவா அமுக்கினா வழுக்கிடுவான். ஆனா ரொம்ப நாள் சூட்டுலயே விடக்கூடாது. விட்டா சின்ன கிரெயினெல்லாம் சேர்ந்து பெரிசாயிடும். கூட்டம் கூடிடும். காரியம் முடிஞ்சதும் ஆறவிட்டுடணும்."

திரையின் மூலையில் ஓர் எண் இருந்தது. தாளாளர் அதைக் காட்டி என்னவென்று கேட்டார்.

"கிரெயின் நம்பர் சார்" என்றாள் நஸ்ரின். "அது தலைகீழா போகும். நம்பர் பெரிசானா கிரெயின் சின்னதுன்னு அர்த்தம். பன்னெண்டு பேர் கும்பல்னா நாலு. மூணு பேர்னா பத்து."

"அப்ப நம்பர் ஏற ஏற நல்லதுங்களா?"

நஸ்ரின் வாயைத் திறப்பதற்குள் பேராசிரியர் முந்திக்கொண்டார். "ஒரு வகையில நல்லதுங்கய்யா."

இங்கே எங்கள் கல்லூரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே எந்த எண்ணும் இறங்காது. பைபாஸ் ரோட்டில் வைக்கும் ஃபிளெக்ஸ் போர்டில் தேர்ச்சி விகிதம் முந்தைய வருடத்தைவிடக் கொஞ்சமாவது கூடியிருக்க வேண்டும் என்பது தாளாளரின் உத்தரவு. 98.6, 99.3, 99.9 என்று போய், சென்ற ஆண்டு 100.4 ஆகியிருந்தது. யாரும் கேட்கவில்லை. கேட்பவர்கள் பைபாஸில் எண்பதில் போய்க்கொண்டிருந்தார்கள்.

முதல் சோதனை பிரியாணியில் நடந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் இரண்டு பீஸை ஒன்றாக்கிப் பார்த்தார்கள். பி பிளாக்கில் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு பட்டாளம் இருந்தது. தலைவன் தாண்டவராயன், எங்கள் வகுப்புதான். காலை பல் தேய்ப்பதிலிருந்து செமஸ்டர் அரியர் வைப்பதுவரை பன்னிரண்டு பேரும் சேர்ந்துதான் செய்வார்கள். அன்றைக்கு நாற்பது தட்டும் துணை முதல்வரின் கார்க் கண்ணாடியும் உடைந்தன. சாயந்திரமே இரண்டாவது பீஸ் திரும்பி வந்தது. தாண்டவராயனைத் தோளில் தூக்கிக்கொண்டு மெஸ்ஸைச் சுற்றி வந்தார்கள். நானும் ஒரு காலைப் பிடித்திருந்தேன்.

இந்த முறை முதலில் 'நல்லிணக்கத் திட்டம்' என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. ஓர் அறைக்கு மூன்று பேர், மூன்று பேரும் வேறு வேறு மாவட்டம். பட்டாளத்துப் பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு அறைக்குப் போனார்கள். மெஸ்ஸில் நீள மேசைகள் போய் மூன்று நாற்காலி மேசைகள் வந்தன. பிறகு கீசர் நின்றது. வைஃபை இழுத்தது. மணிக்கு நாற்பது புகார் என்ற அளவு வந்ததும் பேராசிரியர் கட்டைவிரலை உயர்த்தினார்.

முதல் ஞாயிறு முட்டை போனது. அடுத்த ஞாயிறு ஒரு பீஸ். அதற்கடுத்த ஞாயிறு இன்னொரு பீஸ். நான்காவது ஞாயிறு பாசுமதி ரேஷன் அரிசியாகி, ஐந்தாவது ஞாயிறு பிரியாணி இருந்த இடத்தில் சாமைக் கிச்சடி இருந்தது. என் மேசையில் நானும் என் அறைத்தோழர்கள் இருவரும் அதைச் சாப்பிட்டோம். தணிகைவேல், "கீசர் சுவிட்சை யாருடா ஆஃப் பண்ணி வச்சது?" என்று பெலிக்ஸைக் கேட்டான். பெலிக்ஸ் என்னை முறைத்தான். கிச்சடியைப் பற்றி யாரும் பேசவில்லை.

நஸ்ரினுக்கு அன்று மாலையே ஃபோன் செய்து சொன்னேன்.

"விரிசல் இல்லையா?"

"ஊறுகாய் கேட்டு ஒருத்தன் சத்தம் போட்டான். அவ்வளவுதான்."

"அடுத்து எதை அமுக்குவாங்கன்னு நினைக்கற?"

அடுத்து எங்களை அமுக்கினார்கள்.

அக்டோபரில் செய்தி வந்தது. உலோகவியல் துறையை மூடுகிறார்கள். புதிய சேர்க்கை இல்லாத துறை. மொத்த மாணவர்களும் எங்கள் ஐம்பத்தேழு பேர்தான். எங்களைப் 'பொது நுண்ணறிவுப் பொறியியல்' என்ற துறைக்கு மாற்றுவார்கள். சான்றிதழிலும் அதுதான் வரும். விதிப்படி மூன்றில் இரண்டு பங்கு மாணவர்கள் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். தொண்ணூறு நாள் கழித்து வெளியிலிருந்து ஓர் ஆய்வுக்குழு வந்து, ஒவ்வொருவரிடமும் நேரில் கேட்டு உறுதிசெய்ய வேண்டும்.

எங்களைப் படிய வைக்க வேண்டிய கணக்கை எங்கள் துறையின் நிரலே போட்டது. துறையே இல்லாமல் போனால் தாங்கள் எங்கே போவீர்கள் என்று பேராசிரியரிடம் கேட்டேன். "ஒரு வகையில நல்லதுதான் குணசீலா" என்றார். அவருக்கு மனித உருமாற்ற மையம் ஒன்றின் இயக்குநர் பதவி தயாராகிக்கொண்டிருந்தது.

கீசரை மறுபடி நிறுத்தினார்கள். மின்விசிறி வேகத்தைக் குறைத்தார்கள். ஒவ்வோர் அறையாகக் கூப்பிட்டார்கள்.

எங்கள் மூன்று பேரையும் நிர்வாக அதிகாரி திலகவதி மேடம் உட்காரவைத்து பாதாம் பால் கொடுத்தார். இரண்டு நாளாகக் குளிக்காததால் நாங்கள் ஒருவருக்கொருவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தோம்.

"மத்த ரூமெல்லாம் ஆச்சுப்பா. உங்க தாண்டவராயன்தான் முதல்ல போட்டாரு."

"தாண்டவனே போட்டுட்டானா?" என்றான் பெலிக்ஸ்.

"அவர்கூட இருந்த ரெண்டு பேர் அவசரப்பட்டாங்க. பாவம், அவரு என்ன பண்ணுவாரு."

தணிகைவேல் போட்டான். பெலிக்ஸ் போட்டான். பால் ஆறிக்கொண்டிருந்தது. இந்த நாற்காலி, இந்தப் பால், 'மத்த ரூமெல்லாம் ஆச்சு' என்ற வாக்கியம் எல்லாம் எந்தப் பத்தியில் எந்த வரி என்று எனக்குத் தெரியும். எல்லாம் தெரிந்த ஒருவன் எவ்வளவு நேரம் தாங்குவான் என்பதையும் நிரல் கணித்திருந்தது. 14.2 நிமிடம். போட்டுவிட்டு கடிகாரத்தைப் பார்த்தேன். பதினான்கு.

ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

நஸ்ரின் மட்டும் போடவில்லை. ஐம்பத்தேழில் ஐம்பத்தாறு. வரைபடத்தில் தனியாகத் தொங்கிய அந்த ஒரு புள்ளியைப் பேராசிரியர் அழித்துவிட்டார். கோடு இன்னும் அழகாக வந்தது.

லேபில் அவளைப் பார்த்தேன். நோட்டீஸ் போர்டிலிருந்து தன் புகைப்படத்தைக் கிழித்துக்கொண்டு வந்து மேசையில் போட்டிருந்தாள்.

"நீயும் போட்டியா?"

"போட்டேன்."

"எத்தனை நிமிஷம்?"

"பதினாலு."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேனாவை எடுத்து நோட்டில் குறித்துக்கொண்டாள்.

"நஸ்ரின், இன்னும் தொண்ணூறு நாள் இருக்கு. ஸ்ட்ரைக் பண்ணலாம். நான் கோஷம்கூட யோசிச்சிட்டேன். 'உருக்காதே உருக்காதே, உலோகவியலை உருக்காதே.' கேட்டைப் பூட்டி—"

"டேய், உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன். யாரையும் சூடேத்தாத."

"அப்புறம்?"

தன் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தைத் திறந்து காட்டினாள். 'இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது, அறிக்கைக்கு வேண்டாம்' என்று பேராசிரியர் வெட்டிவிட்ட அத்தியாயம். ஒரே கட்டத்தில் இரண்டு கோடுகள், பெருக்கல் குறிபோல் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின.

"இது சூடு. கிரெயின் சின்னதானா லேசா வளையும். சார் அவங்ககிட்ட காட்டினது இதை மட்டும்தான். இது அறை வெப்பம். இங்க அப்படியே தலைகீழ். கிரெயின் சின்னதானாத்தான் உறுதி அதிகம். தொள்ளாயிரம் டிகிரில களிமண்ணு மாதிரி வளைஞ்ச அதே டாங்க், ஆறினதும் சுத்தியால அடிச்சாலும் நசுங்காது. அதனாலதான் அதை நிலாவுக்கு அனுப்பறாங்க."

"ஏன் அப்படி?"

"பெரிய கிரெயின்ல ஒரு நகர்வு ஆரம்பிச்சா இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிவரைக்கும் தடையில்லாம ஓடும். தாண்டவன் வளைஞ்சா பன்னெண்டு பேரும் வளைஞ்ச மாதிரி. சின்ன கிரெயின்னா ரெண்டடிக்கு ஒரு சுவர். ஒவ்வொரு சுவர்லயும் முதல்லேருந்து பேசணும்."

"சரி, நாம என்ன பண்ணணும்?"

"குளிர வைக்கணும். அவங்களே கீசரை ஓடவிடுவாங்க, சார் எழுதின விதி அது. நம்ம வேலை அது மறுபடி நிக்காம பார்த்துக்கறது."

அப்படியாக, நிர்வாகத்துக்கு எதிரான எங்கள் போராட்டம் கீசர் பழுதுபார்ப்பதில் தொடங்கியது. விடுதி கீசரை யாரும் நிறுத்த வேண்டியதில்லை, அது தன் இஷ்டத்துக்கே நின்றுவிடும். பெண்கள் விடுதியில் நஸ்ரினே ஸ்க்ரூ டிரைவரோடு ஏறினாள். பையன்கள் விடுதியில் அவள் வீடியோ காலில் சொல்லச் சொல்ல நானும் பெலிக்ஸும் கழற்றி மாட்டினோம். பெலிக்ஸுக்கு இரண்டு முறை ஷாக் அடித்தது. வைஃபை ரூட்டரைக் குளியலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் மாற்றினோம். ஓட்டையான கொசுவலைகளைத் தைத்தோம். யாராவது கூட்டம் போடலாம் என்று பேச்செடுத்தால் நான் சீட்டுக்கட்டை எடுத்துவைத்தேன். டிசம்பர் கடைசியில் புகார், மணிக்கு இரண்டாக இறங்கியது. அதில் ஒன்று சாமைக் கிச்சடியைப் பற்றி. மூன்று மாதம் தாமதமாக ஒருவன் கவனித்திருந்தான்.

ஜனவரி ஐந்தாம் தேதி பேராசிரியர் நஸ்ரினின் ஆய்வேட்டில் எழுத்துப்பிழை திருத்த உட்கார்ந்தார். இரண்டாம் அத்தியாயத்தில் எழுந்தார். என்னையும் லேப்டாப்பையும் இழுத்துக்கொண்டு தாளாளர் அறைக்கு ஓடினார்.

"ஐயா, ஒரு சின்ன விஷயம். பன்னெண்டாம் தேதி குழு வருதில்லைங்களா. பசங்க இப்ப ஆறிப்போயிருக்காங்க. ஆறின நிலைமைல மூணு பேர் ரூம் ஆபத்துங்கய்யா. ஒருத்தனும் அசைய மாட்டான்."

"மறுக்காச் சூடாக்குங்க."

"ஏழு நாள் பத்தாதுங்கய்யா. அவசரமா அமுக்கினா பிளந்துடும். ஒரே வழி, பழைய கும்பல் எல்லாத்தையும் சேர்த்து வச்சிடறது. தலைவனுங்க நாலு பேரைப் பிடிச்சா போதும், மத்தவன் தானா வருவான். கிரெயின் நம்பரைப் பத்துலேருந்து நாலாக் குறைச்சிடலாம்ங்கய்யா."

தாளாளர் நிமிர்ந்தார்.

"என்னங்க?"

"நம்பரை… குறைக்கறது."

தாளாளர் திலகவதி மேடத்தைத் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க மேடம், நம்ம காலேஜு ஆரம்பிச்சு எத்தன வருசமாச்சுங்க?"

"இருபத்தாறுங்கய்யா."

"இதுவரைக்கும் எந்த நம்பராச்சும் குறைஞ்சிருக்குதுங்களா?"

"இல்லைங்கய்யா."

"வெளியிலேருந்து குழு வருது. வர்ற நேரமாப் பாத்து பத்த நாலாக்குனா அவிங்க என்ன நெனப்பாங்க? காலேஜு எறங்கிப்போச்சுன்னு நெனப்பாங்க. நீங்கதானுங்க அன்னைக்குச் சொன்னீங்க, நம்பர் ஏற ஏற நல்லதுன்னு?"

பேராசிரியர் வாயைத் திறந்தார். அவருக்குத் தேவைப்பட்ட சொல் அவரிடம் இல்லை.

"ஒரு வகையில…" என்றார்.

"பன்னண்டு போடுங்க."

நான் அங்கேதான் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் வாழ்க்கையில் அதுவரை என் வாய் மூடியிருந்ததால் எந்த நன்மையும் விளைந்ததில்லை.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. அறைக்கு இரண்டு பேர். தணிகைவேல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழ்மாடிக்குப் போனான். பெண்கள் பன்னிரண்டு பேர் ஆறு அறை. பையன்கள் நாற்பத்தைந்து பேர் என்பதால் இருபத்திரண்டு அறை போக ஒருவன் மிஞ்சினான். பட்டியலில் கடைசியாக இருந்தது தாண்டவராயன் பெயர். அவனுக்குத் தனி அறை. மெஸ்ஸில் இரண்டு நாற்காலி மேசை ஒன்றில் காலி நாற்காலியைப் பார்த்தபடி அவன் இட்லி சாப்பிடுவதை முதல் நாள் எல்லோரும் வேடிக்கை பார்த்தோம். இரண்டாம் நாள் யாரும் பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் தேதி, பொங்கல் விடுமுறைக்கு முந்திய நாள். கொல்லிமலைப் பக்கமிருந்து குளிர் இறங்கியிருந்தது. எல்லோரும் வெந்நீரில் குளித்து, ஊருக்குப் போகப் பையைக் கட்டிவைத்துவிட்டு, நிம்மதியான முகத்தோடு கூடத்துக்கு வெளியே நின்றோம். குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் தலைவர், மப்ளர் கட்டியிருந்தார். அறை அறையாகக் கூப்பிட்டார்கள்.

முதல் அறை உள்ளே போய் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தது.

"என்னடா சொன்னீங்க?"

"வேண்டாம்னு சொன்னோம். எங்கம்மா சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் பையன் இரும்பு படிக்கறான்னு மூணு வருஷமா சொல்லிப் புரியவச்சிருக்காங்க. இனிமே முதல்லேருந்து ஆரம்பிக்க முடியாதாம்."

இரண்டாம் அறை, ரெக்கார்ட் நோட்டுக்கு உலோகவியல் என்று அட்டை போட்டாயிற்று என்றது. மூன்றாம் அறையில் ஒருவன் சரி என்றான், மற்றவன் அவன் சரி என்றதாலேயே வேண்டாம் என்றான். நான்காம் அறைக்குக் காரணமே இல்லை. 'வேண்டாம் சார்' என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்களாம். திலகவதி மேடம் நடுவில் வந்து எங்களுக்குப் பாதாம் பால் கொடுத்தார். எல்லோரும் குடித்தோம். நன்றாக இருந்தது. ஏலக்காய் போட்டிருந்தார்கள்.

நானும் பெலிக்ஸும் போனோம். மப்ளர்காரர் என் கையெழுத்தைக் காட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே? இப்ப ஏன் மாத்திச் சொல்றீங்க?"

"அன்னிக்கு ரெண்டு நாளா குளிக்கலை சார்."

எழுதிக்கொண்டார். "உங்க எல்லாருக்கும் தலைவர் யாருப்பா? அவரைக் கூப்பிடுங்க, உட்கார்ந்து பேசிடலாம். ஒவ்வொருத்தனும் ஒவ்வொண்ணு சொன்னா நாங்க எதைத்தான் சரிபண்றது?"

"தலைவர்னு யாரும் இல்ல சார்" என்றான் பெலிக்ஸ். "இருந்தவனைத் தனி ரூம்ல போட்டுட்டாங்க."

கடைசியாகத் தாண்டவராயனைக் கூப்பிட்டார்கள். கதவு சரியாக மூடவில்லை, வெளியே கேட்டது.

"ரூம்மேட் எங்கப்பா?"

"இல்ல சார். நான் மட்டும்தான்."

"நீங்கதான் முதல்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. சம்மதம்தானே?"

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"முன்னாடியெல்லாம் நான் என்ன சொன்னாலும் பதினோரு பேர் திரும்பிப் பார்ப்பாங்க சார். அதனால யோசிச்சு யோசிச்சுப் பேசுவேன். இப்ப யாரும் பார்க்கறதில்ல. எனக்கு வேண்டாம் சார்."

ஐம்பத்தேழில் நாற்பத்தொன்று வேண்டாம். துறை பிழைத்தது. நஸ்ரின் கூடத்துக்கு வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு சிறிது நேரம் இருந்தாள். அழுதாளா, கணக்குப் போட்டாளா, தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது சுற்றிலும் யாரும் இல்லை. தோளில் தூக்க ஒருவரும் வரவில்லை. இரண்டிரண்டு பேராக எல்லோரும் பஸ் ஏறப் போய்விட்டார்கள்.

ஜூனில் அவள் சான்றிதழில் உலோகவியல் என்றே வந்தது. பட்டாளம் மறுபடி சேரவில்லை. யாரும் தடுக்கவில்லை, நல்லிணக்கத் திட்டம்கூட ரத்தாகிவிட்டது. பட்டமளிப்பு விழாப் புகைப்படத்தில் அந்தப் பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு இடத்தில் நிற்கிறார்கள். தேடினால்தான் கிடைப்பார்கள்.

தாளாளர் தோற்றதாக நினைக்கவில்லை. பைபாஸில் புது ஃபிளெக்ஸ் வந்தது: 'பரல் எண் 12. தமிழகத்திலேயே முதன்முறையாக.' அந்த வருடம் உலோகவியலில் நூற்றிருபது பேர் சேர்ந்தார்கள். பேராசிரியர் மனித உருமாற்ற மையத்துக்கு இயக்குநரானார். நிரலை வெளி நிறுவனங்களுக்கு வாடகைக்கு விட்டார். இரண்டாம் அத்தியாயத்தை இந்த முறையும் சேர்க்கவில்லை. அது வாடிக்கையாளரைக் குழப்பும் என்றார். வேலை கிடைக்காத எனக்கு அங்கேயே ஒரு வேலை கொடுத்தார். ஃபைலை ஏற்றுவது. வாடிக்கையாளர்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஒன்று, இரண்டு, மூன்று. எண் ஏறிக்கொண்டே இருந்தது.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் நஸ்ரின் வீடியோ காலில் வந்தாள். தலையில் மஞ்சள் ஹெல்மெட். அவளுக்குப் பின்னால், ஆளுயரத்துக்கு, சாம்பல் நிறத்தில் ஓர் அரைக்கோளம்.

"பாருடா, என்னோட முதல் டாங்க். கேளு." விரல் முட்டியால் தட்டினாள். கோயில் மணி மாதிரி நின்று ஒலித்தது.

"ஆறிடுச்சா?"

"நேத்தே ஆறிடுச்சு. இனிமே இதை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

முகம் முழுக்க வியர்வை. துடைக்கத் துடைக்க வழிந்தது.

"வேலையெல்லாம் எப்படி? நிறைய பேர் இருக்கீங்களா?"

"முன்னாடி பதினெட்டுப் பேர் ஒரே ஷிஃப்ட். போன மாசத்துலேருந்து பிரிச்சிட்டாங்க. இப்ப மூணு மூணு பேரா."

நான் சிரிப்பை நிறுத்தினேன். "ஏசி இல்லையா அங்க?"

"இருக்கு. திங்கட்கிழமையிலேருந்து ஓடலை."

திங்கட்கிழமை காலை வாடிக்கையாளர் ஏழின் ஃபைலை ஏற்றியிருந்தேன். மூன்று பேர் குழுக்கள் ஆறு. எட்டு மணி நேர ஷிஃப்டைப் பன்னிரண்டு மணி நேரமாக்க வேண்டும். பொருத்தம் தொண்ணூற்றொன்பது சதவீதம் வந்தது. நான் சாப்பிடப் போனேன்.

நஸ்ரின் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எத்தனை நிமிஷம்னு வந்துச்சு?" என்று கேட்டாள்.

"பதினொண்ணு."

சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டாள். பிறகு கேமராவை டாங்கின் மேல் சாய்த்து வைத்தாள். திரையில் கூரை மட்டும் தெரிந்தது. நாற்காலி ஒன்றை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. யாரோ ஒருவர், "ஏம்மா, எலக்ட்ரீசியன் வரட்டும்மா, நீ எதுக்கு மேல ஏறுற?" என்றார்.

"நீங்க நாற்காலியப் புடிங்கண்ணே, போதும்" என்றாள் நஸ்ரின்.

முதல் ஸ்க்ரூ கழன்று டாங்கின் மேல் விழுந்தது. அது நின்று ஒலித்தது.